பிடிபி-11ஐ மறுபடி ஓட வைக்க: எமுலேட்டரா, நகலா, அசல் இயந்திரமா?

பழைய மினிகம்ப்யூட்டர் (அலமாரி அளவுக் கணினி) மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் பிடிபி-11 பக்கம்தான் வந்து நிற்கிறார்கள். நானும் அப்படித்தான். 1970இல் தொடங்கிய 16-பிட் வரிசை இது. சுருக்கமாக 'டெக்' என்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனம் அமெரிக்காவின் மேனார்டில், ஒரு பழைய கம்பளி ஆலைக்குள் இயங்கியது. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்ததும் இந்த இயந்திரத்தில்தான். இன்று அதை ஓட வைக்க எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? இந்த வரிசையில் ஒன்றான பிடிபி-11/40ஐ மனதில் வைத்துச் சொல்கிறேன்.

செலவே இல்லாத வழி, சிம்எச் எமுலேட்டர், அதாவது அசல் இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். டெக்கில் பணியாற்றிய பாப் சுப்னிக் 1990களில் தொடங்கிய திட்டம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். டிஸ்க் இமேஜை (பழைய டிஸ்கின் உள்ளடக்கம் முழுதும் அடங்கிய கோப்பை) இணைத்து பூட் செய்தால், 1975இன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு சில நொடிகளில் வந்து நிற்கும். அதில் ஃபோல்டர் மாற்ற 'சிடி' கட்டளை கிடையாது, 'சிஹெச்டிர்' என்று முழுசாக அடிக்க வேண்டும். மென்பொருள்தான் உங்கள் ஆர்வம் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அசல் இயந்திரம் வைத்திருப்பவரும் இதை முதலில் பழகிக்கொள்வது நல்லது. எது சரியான நடத்தை என்று தெரியாமல், எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்தது பிடிபி-11/70இன் முன்பலகையைச் சிறிய அளவில் நகலெடுத்த பைடிபி-11 கிட். உள்ளே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, அதில் சிம்எச். விளக்குகள் மினுக்கும், ஸ்விட்சுகளை நீங்களே தட்டி பூட் செய்யலாம். சால்டரிங் கையில் பிடிபடும், மேசையிலும் அழகாக இருக்கும். ஆனால் பழுது பார்க்க இதில் ஒன்றும் இல்லை. எனக்கு அது பெரிய குறை.

சரி, அசல் இயந்திரம். இங்கே பாதி வேலை பவர் சப்ளையிலேயே போய்விடும். 11/40இல் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மரும், அதிலிருந்து மின்சாரம் பெறும் தனித்தனி ரெகுலேட்டர்களும் உண்டு. எச்744 ரெகுலேட்டர் 5 வோல்ட்டில் 25 ஆம்பியர் தரும். அதன் கேபசிட்டர்கள் ஐம்பது வருடப் பழசு. போர்டுகள் செருகியிருக்கும்போது அது தறிகெட்டு 7 வோல்ட்டைத் தாண்டினால், அவற்றில் உள்ள 7400 வகை சிப்கள் கூண்டோடு போய்விடும். அதனால் எல்லா போர்டுகளையும் கழற்றிவிட்டு, ரெகுலேட்டரைத் தனியாக எடுத்து, லோடு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். லோடாக வைக்கும் 1 ஓம் ரெசிஸ்டர் 5 ஆம்பியர் இழுத்து 25 வாட் சூடாகும், அதனால் குறைந்தது 50 வாட் ரெசிஸ்டரே போடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் எரித்த போர்டுகளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ப்ராசஸர் பழுது, பயப்படும் அளவுக்கு இல்லை. டெக்கின் முழு சர்க்யூட் வரைபடங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. மைக்ரோகோடை (ப்ராசஸரின் உள்கட்டளைகளை) ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்க உதவும் கேஎம்11 அட்டையின் நகல்களையும் ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். ஆசிலோஸ்கோப்பும் பொறுமையும் இருந்தால் செத்த சிப்பைப் பிடித்துவிடலாம்.

உண்மையான தலைவலி ஆர்கே05 டிஸ்க் டிரைவ். 14 அங்குலத் தட்டு, கொள்ளளவு வெறும் 2.5 எம்பி. வடிகட்டியைச் சுற்றியுள்ள நுரைப்பஞ்சு பொடிப்பொடியாகி உதிரும். ஒரு துகள் போதும், ஹெட்டும் தட்டும் சேர்ந்து நாசமாகிவிடும்.

ஆகவே என் தேர்வு இரண்டும் கலந்தது: ப்ராசஸரும் கோர் மெமரியும் (சின்னக் காந்த வளையங்களால் ஆன நினைவகம்) அசல், டிஸ்க் மட்டும் யூனிபோன். இது பீகிள்போன் என்ற சின்னக் கணினியைப் பொருத்திய ஒரு போர்டு. யூனிபஸ் (போர்டுகளை இணைக்கும் பொதுப் பாதை) ஸ்லாட்டில் செருகினால் ஆர்கே05, ஆர்எல்02 டிரைவ்கள் போலவே நடந்துகொள்ளும். மெமரி பழுதென்றால் தற்காலிக மெமரியாகவும் நிற்கும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டிஎம்ஏ செய்யும் (ப்ராசஸர் வழியாகப் போகாமல் மெமரியை நேரடியாகத் தொடும்) போர்டு என்பதால், அந்த ஸ்லாட்டின் பின்புறம் சிஏ1–சிபி1 ஒயர் இருந்தால் எடுத்துவிட வேண்டும். காலி ஸ்லாட்டுகளில், அனுமதி சிக்னலை அடுத்த ஸ்லாட்டுக்குக் கடத்தும் கிரான்ட் அட்டை இல்லாவிட்டால் பஸ் நின்றுபோகும். அசல் டிரைவை அப்புறம் நிதானமாகச் சரிசெய்யலாம், அவசரமில்லை.

கோர் மெமரியை அசலாகவே வைத்திருக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மின்சாரம் போனாலும் அதில் இருப்பது அழியாது. கடைசியாக அணைத்தவர் ஓட்டிய நிரல் இன்னும் அதில் இருக்க வாய்ப்புண்டு. அதனால் முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது ஹால்ட் ஸ்விட்சைப் போட்டு வையுங்கள். எதையும் எழுதுவதற்கு முன் முகவரியை ஏற்றி, எக்ஸாமின் ஸ்விட்சைத் தட்டி, விளக்குகள் காட்டும் எட்டடிமான (0 முதல் 7 வரை இலக்கங்கள் கொண்ட) எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.