சரளை டிரைவ்வேக்கு ஸ்னோ பிளவ்: ஷூவா, ரப்பரா, பிளந்த பைப்பா?

சரளை பரப்பிய டிரைவ்வேயில் (தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வண்டிப்பாதை) ஸ்னோ பிளவை, அதாவது வண்டியின் முன்னால் மாட்டிப் பனியைத் தள்ளும் பிளேடை, அப்படியே இறக்கி ஓட்டினால் பனியோடு கல்லும் சேர்ந்து புல்வெளிக்குப் போய்விடும். பனி உருகிய பிறகு ரேக்கை எடுத்துக்கொண்டு கல்லைத் திரும்ப இழுத்துப் போட வேண்டியதுதான். நடுக்குளிரில் தரை கல்லாக இறுகிய பின் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சேதம் நடப்பது பருவத்தின் இரு முனைகளில்தான்: தரை உறைவதற்கு முன் விழும் முதல் பனியிலும், இளகத் தொடங்கிய பின் விழும் கடைசிப் பனியிலும். அதனால் எந்த மாற்றத்தையும் உறையாத தரையில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

வழக்கமான வழிகள் மூன்று. பிளேடுக்குப் பின்னால் ஷூ (தரையில் வழுக்கிப் போகும் வட்டத் தட்டுக் கால்) மாட்டித் தூக்கிவைப்பது. பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டிய இரும்புக் கட்டிங் எட்ஜை (தரையைச் சுரண்டும் பட்டை) கழற்றி ரப்பர் போடுவது. எட்ஜின் மேல் நீளவாக்கில் பிளந்த பைப்பைச் செருகுவது. என் ஓட்டு பைப்புக்குத்தான். காரணம், எடை தரையில் எப்படிப் பரவுகிறது என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழரை அடி பிளேடு, தரையில் உட்காரும் எடை 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் எட்ஜின் கனம் 10 மி.மீ. என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 229 சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 0.87 கிலோ. அதே எடையை 12 செ.மீ. விட்டமுள்ள இரண்டு ஷூக்கள் தாங்கினால்? பரப்பு 226 சதுர செ.மீ., அழுத்தம் 0.88 கிலோ. ஒரு மாற்றமும் இல்லை! ஷூ பிளேடைத் தூக்குகிறதே தவிர எடையைப் பரப்புவதில்லை. இளகிய சரளையில் ஷூ அமிழும், இரண்டு பள்ளக் கோடு விழும், பிளேடு மறுபடி கல்லைத் தொடும்.

இரண்டங்குல பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. அது தரையில் வெறும் 5 மி.மீ. அமிழ்ந்தாலே தொடும் அகலம் 33 மி.மீ. ஆகிவிடும், மொத்தப் பரப்பு சுமார் 750 சதுர செ.மீ., அழுத்தம் 0.27 கிலோதான். அமிழ அமிழப் பரப்பு கூடுவதால் ஓரளவுக்கு மேல் இறங்காது. போதாததற்கு முன்முகம் வளைவு. இரும்பு எட்ஜின் கூர்முனை கல்லுக்கு அடியில் நுழையும். வளைவு கல்லின் தலையில் ஏறி அமுக்கிவிட்டுப் போகும்.

ஷூ வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மட்டமான, நன்றாக இறுகிய பாதையில் வாஷர்களை மாற்றி 12 முதல் 25 மி.மீ. உயரம் வைத்தால் வேலை நடக்கும். நடுவில் மேடும் இரு புறமும் டயர்த் தடமுமாக இருக்கும் பாதையில் ஷூ தடத்தில் இறங்கி, பிளேடு மேட்டைச் சீவிவிடும்.

ரப்பர் பரவாயில்லை ரகம். 25 முதல் 38 மி.மீ. கனமுள்ள பட்டை, அதன் முகத்தில் ஒரு தட்டைக் கம்பியை வைத்து இறுக்கினால், கீழே 50 முதல் 75 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடுதலாக நீட்டினால் பின்னால் மடங்கிப் பனியின் மேலேயே வழுக்கும். குறைந்தால் இறுக்கிய கம்பி கல்லில் இடிக்கும். சேறான ஈரப் பனியை ரப்பர் வழித்துத் தள்ளும் அழகே தனி. ஆனால் டயர் ஏறி இறுகிய பனியை அது சுரண்டாது. கூரான உடைகல் பரப்பிய பாதையில் அடிவிளிம்பு பிய்ந்துகொண்டே வரும். ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கான பாலியூரித்தேன் இதைவிட விறைப்பு, விலையும் கூட; வழவழப்பான தார்த்தளத்தில் அது உழைக்கும் கணக்கை அப்படியே சரளைக்குப் பொருத்திவிடக் கூடாது.

இனி பைப். பைப்பின் சுவர்க் கனத்தை ஸ்கெட்யூல் என்ற எண்ணால் சொல்வார்கள். இரண்டங்குல ஸ்கெட்யூல் 40 இரும்புப் பைப்பின் சுவர் 3.9 மி.மீ.; ஸ்கெட்யூல் 80 என்றால் 5.5 மி.மீ. தேய்வதே இதன் தொழில் என்பதால் 80 வாங்குங்கள். கால்வனைஸ் பூச்சு இல்லாததாக இருக்கட்டும், வெல்டிங்கில் துத்தநாகப் புகை ஆகாது. வெட்டும் பிளவு எட்ஜின் கனத்தைவிட 2 மி.மீ. அகலம் கூட இருந்தால் போதும், 10 மி.மீ. எட்ஜுக்கு 12.

பலர் கோட்டைவிடுவது வெட்டும்போதுதான். பைப்புக்குள் உறைந்திருக்கும் இழுவிசையால், ஒரே மூச்சில் கடைசிவரை வெட்டினால் பிளவு நெருங்கும் அல்லது விரியும், பைப்பே வில்லாக வளையும். ஓர் ஆங்கிள் இரும்பைப் பைப்பின் மேல் கவிழ்த்து வைத்து இரண்டு இணைகோடு போடுங்கள். 30 செ.மீ.க்கு ஒருமுறை 3 செ.மீ. வெட்டாமல் விட்டுக்கொண்டே போய், பைப்பை ஒரு கனமான தளத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு அந்த இணைப்புகளை மாற்றி மாற்றி அறுங்கள்.

பைப்பை எட்ஜோடு வெல்ட் செய்யவே கூடாது. கட்டிங் எட்ஜ்கள் பெரும்பாலும் கார்பன் மிகுந்த எஃகு. முன்சூடு இல்லாமல் வெல்ட் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். துளை போடுவதும் லேசில் நடக்காது. அதற்குப் பதில் பைப்பின் பின்புறத்தில் 6 மி.மீ. தட்டைப் பட்டைகளை வெல்ட் செய்து மேலே கொண்டுபோய், எட்ஜைப் பிடித்திருக்கும் பழைய போல்ட்களிலேயே மாட்டுங்கள். போல்ட்டை மட்டும் அந்தக் கனத்துக்கு நீளமாக்கினால் போதும். பிளேடின் அடி ஆங்கிளைத் தாண்ட பட்டையில் ஒரு வளைவு தேவைப்படலாம். எட்ஜ் மட்டும் மடங்கும் டிரிப் எட்ஜ் வகைப் பிளேடில் பட்டை கீலைத் தாண்டி மேலே போகக் கூடாது. போனால் எதிலாவது இடிக்கும்போது மடங்க வேண்டிய எட்ஜ் மடங்காது.

பைப்பின் இரு முனையையும் சாய்வாக வெட்டி அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் பிளேடைக் கோணலாக வைத்து ஓட்டும்போது கல்லை அள்ளி உள்ளே திணித்துக்கொள்ளும். பின்புறம் தாழ்வாக இரண்டு 8 மி.மீ. துளை போட்டால் தண்ணீர் தேங்கி உறையாது. பைப் போட்ட பின் ஷூக்களைக் கழற்றிவிடுங்கள்; ஹைட்ராலிக்கில் கீழழுத்தம் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, பிளேடு தன் எடையில் மட்டும் தரையோடு ஏறி இறங்கும் மிதவை நிலையில் ஓட்டுங்கள்.

ஏடிவியில் (கரடுமுரடான தரையில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) மாட்டும் சிறு பிளேடுக்கு இரும்பு எதற்கு? பிளாஸ்டிக் போதும். ஆனால் பிவிசி குளிரில் நொறுங்கும். கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) குடிநீர்ப் பைப்பைத் தேடுங்கள். ஒன்றரை மீட்டர் துண்டு 40 டிகிரி வெப்ப இறக்கத்தில் ஏறக்குறைய 1 செ.மீ. சுருங்கும். அதனால் போல்ட் துளைகளை நீள்வட்டமாக்கிப் பெரிய வாஷர் போட வேண்டும்.

பைப்பின் குறை எது என்றால், அது ஒன்றிரண்டு செ.மீ. பனியை விட்டுவிட்டுத்தான் போகும். முதல் பனியில் அது வரமே: டயர் ஏறி இறுகிக் கல்லுக்கு மேல் ஒரு மூடியாகிவிடும். அது பளிங்குப் பனியாக மாறினால் பைப்பால் சுரண்ட முடியாது. உப்பைப் போட்டால் மூடி உருகிச் சரளை சேறாகும், சிறு கல்பொடி தூவுவதே மேல். தரை நன்றாக உறைந்த பின் போல்ட்களைக் கழற்றிப் பைப்பை எடுத்துவைத்துவிட்டு வெறும் எட்ஜால் சுரண்டலாம். இளகும் காலத்துக்கு முன் மறுபடி மாட்டிவிட வேண்டும்.

தேய்மானத்தை அடிக்கடி குனிந்து பாருங்கள். வளைவின் அடியில் தட்டையான ஒரு பட்டை தெரியத் தொடங்கும். அதன் முன்னோரம் விரலில் கூராகப் படும் அளவுக்கு வந்துவிட்டால் பைப் இன்னொரு கட்டிங் எட்ஜாக மாறிவிட்டது என்று பொருள். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். பட்டைகளை அறுத்தெடுத்துப் புதுப் பைப்பில் வெல்ட் செய்துகொள்ளலாம்.