டாக்கிங் ஹெட்ஸ்: முதல் ஆல்பமா, ரெண்டாவதா?

டாக்கிங் ஹெட்ஸ்ங்கிற அமெரிக்க ராக் பேண்ட புதுசா கேக்குறவங்க 1977ல வந்த முதல் ஆல்பத்துல ஆரம்பிக்கலாமா இல்ல 1978ல வந்த 'மோர் சாங்ஸ் அபவுட் பில்டிங்ஸ் அண்ட் ஃபுட்'லயான்னு கேட்டா, யோசிக்காம ரெண்டாவதுதான்னு சொல்லுவேன்.

முதல் ஆல்பத்துல 'சைக்கோ கில்லர்' பாட்டு இருக்கு, அந்த பேஸ் லைன் ஒரு தடவ கேட்டா மண்டைய விட்டு போகவே போகாது, ஆனா ஆல்பம் மொத்தமா சவுண்டு கொஞ்சம் மெலிசா இருக்கும்.

ரெண்டாவதுக்கு பிரையன் ஈனோ புரொடியூசரா வந்துட்டாரு, பஹாமாஸ்ல நாசோல காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோல ரெக்கார்டிங், டீனா வேமவுத் பேஸும் கிறிஸ் ஃபிரான்ட்ஸ் டிரம்ஸும் அப்படியே முன்னாடி வந்து நிக்கும், டேவிட் பைர்ன் குரல்ல அதே பதட்டம்தான் ஆனா கீழ ஒரு ஆட்டம் ஓடிக்கிட்டே இருக்கும். சோல் பாடகர் ஆல் கிரீன் முன்னாடி பாடுன 'டேக் மீ டு தி ரிவர்'ர இவங்க இதுல எவ்ளோ நிதானமா இழுத்து பாடிருக்காங்க பாருங்க, அமெரிக்க ஹிட் பாட்டு பட்டியல்ல 26வது இடம் வரைக்கும் போச்சு, 'சைக்கோ கில்லர்' 92தான்.

அட்டையும் அப்படித்தான், முதல் ஆல்பத்துக்கு வெறும் சிவப்பு மேல எழுத்து, இதுல 529 போலராய்டு போட்டோவ ஒட்டி நாலு பேரையும் காட்டிருப்பாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச அட்டை அது.