வழிக்குறிப்பு எழுத எந்த வரைபடம்? கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் வரவிருந்த உறவினர்களுக்காக, கைபேசி வரைபடச் செயலி ஒன்றையும் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத் தாளையும் அருகருகே வைத்து வழிக்குறிப்பு எழுதினேன். சென்ற ஆண்டு வெறும் இருப்பிடக் குறியை மட்டும் அனுப்பியதன் விளைவு நினைவில் இருந்தது. செயலி மிகக் குறுகிய பாதையைத் தேடித் தந்ததில், அண்ணன் குடும்பம் வந்த வேன் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பூட்டிய கதவு முன்னால் போய் நின்று, பனிமூட்டத்தில் பின்னோக்கியே இறங்க வேண்டியதாயிற்று.

செயலியின் பலம் தூரத்தை அளப்பதில் இருக்கிறது. இரண்டு திருப்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதை விரலால் தொட்டு அறிந்துகொள்ளலாம். செயற்கைக்கோள் படத்தில் நீர்த்தொட்டி, கோயில், பள்ளி போன்றவற்றைக் கண்டு அடையாளங்களாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதித் தரக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் நிற்பவருக்கு 'இடப்புறம் திரும்புக' என்பது எதையும் சொல்வதில்லை. இறங்கும் சாலையா, ஏறும் சாலையா என்று சொன்னால்தான் ஓட்டுநருக்குப் புரியும்.

ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதில் வரைபடத் தாளுக்கு இணையில்லை. அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் செங்குத்து என்பதால், எங்கள் தெருவுக்கு முந்தைய ஏற்றத்தில் முதல் கியரில் வருமாறு முன்கூட்டியே எழுத முடிந்தது. ஓடைகளும் தெளிவாக இருப்பதால் 'இரண்டாவது ஓடைப் பாலத்தைக் கடந்ததும்' என்று எழுதுவது எளிதாயிற்று. பழைய அளவீடு என்பதால் புதிய கட்டடங்கள் அதில் இல்லை. 2017 முதல் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகப் பதிவிறக்கலாம் என்பதால் விலையைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை.

இரண்டுமே சொல்லாதவற்றை நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. இடப்புறம் கல்லாறு வழியாகக் குன்னூருக்கும், வலப்புறம் குஞ்சப்பனை, அரவேணு வழியாகச் சுமார் 33 கி.மீ. தொலைவிலுள்ள கோத்தகிரிக்கும் செல்கிறது. கோடைக்காலத்தில் ஒருவழிப் பாதை நடைமுறைக்கு வந்தால், ஏறுவதற்கு இதே வழி கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் குறிப்பின் முதல் வரியாகவே எழுதினேன். மலையில் தூரத்தை மட்டும் நம்புவதும் தவறு. மசினகுடியிலிருந்து உதகைக்குக் கல்லட்டி வழி, கூடலூர் வழியில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடும் உண்டு.

செயலிக்கு ஐந்துக்கு மூன்று, தாளுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். எழுதி முடித்த குறிப்பை, அடிவாரத்திலிருந்து ஒருமுறை வண்டியில் வந்து வரிவரியாகச் சரிபார்த்தேன். பதினொரு வரிகளில் மூன்றைத் திருத்தினேன். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், அதைக் கைபேசியில் மட்டும் அனுப்பாமல் பெரிய எழுத்தில் அச்சிட்டு அழைப்பிதழுடன் இணைத்திருக்கிறேன்.