ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆடிய கார்: சரிசெய்த பின் 14 மாத அனுபவம்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய்வர நான் வைத்திருப்பது 2014ஆம் ஆண்டு வாங்கிய ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். 90,000 கிலோமீட்டர் வரை பெரிய தொந்தரவு எதுவும் தராத அந்த வண்டி, கடந்த ஆண்டு ஆனி மாதத்தில், வேகமெடுக்கும்போது மட்டும் ஆடத் தொடங்கியது. முதன்முதலில் அதை உணர்ந்தது முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்த மாதங்களில் காரைப் பக்கவாட்டில் தள்ளுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிய விஷயம் என்பதால், பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். இலைகூட அசையாத ஒரு காலையில், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது அதே ஆட்டம் இருக்கைக்கு அடியில் வந்த பிறகுதான் சந்தேகம் வண்டியின்மேல் திரும்பியது.

டயர் கடையில் வீல் பேலன்ஸிங்கும் அலைன்மென்ட்டும் செய்தார்கள், மாற்றம் ஒன்றுமில்லை. அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று சொல்லி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்றையும் மாற்றினார்கள். பிளக்குகளுக்கு மாற்றும் காலம் வந்திருந்ததால் அந்தச் செலவை வீண் என்று சொல்லமாட்டேன். காயில் வீண்தான். என்ஜின் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரும் மிஸ்ஃபயருக்கான பிழைக் குறியீடு எதையும் காட்டவில்லை. ஒரு காயிலின்மேல் சந்தேகம் இருந்தால் அதைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே நகர்கிறதா என்று பார்த்திருக்கலாம். காசு செலவில்லாத அந்தச் சோதனையை அவர்களும் செய்யவில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

பிறகு தக்கலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “எடுக்கும்போது ஆடுதா, ஓட்டத்துல ஆடுதா சார்? கால எடுத்தா நிக்குதா?” என்று மட்டும் கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாததால் அவரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வில்லுக்குறி வரை ஓட்டச் சொன்னார். நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நன்றாக மிதித்தபோது ஆடியது. காலை எடுத்த நொடியில் நின்றது. அதே வேகத்தில் நியூட்ரலில் உருளவிட்டபோது சுத்தமாக ஆட்டமே இல்லை. சக்கரத்தில் கோளாறு என்றால், கால் எங்கே இருந்தாலும் அந்த வேகத்தில் ஆடியிருக்க வேண்டும். மூன்றாவது கியருக்கு மாற்றி, என்ஜின் சுற்று கூடியிருக்க அதே 60இல் மிதித்தபோதும் ஆட்டத்தின் தாளம் மாறவில்லை. ஆகவே அது என்ஜினின் சுற்றைப் பின்பற்றாமல் சக்கரத்தின் சுற்றைப் பின்பற்றுகிறது என்று தெரிந்தது. வண்டியை நிறுத்தி 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பார்த்ததிலும் என்ஜின் அமைதியாகவே இருந்தது. கிளட்ச் கோளாறாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதே நடுங்கியிருக்கும்.

மிச்சமிருந்தது டிரைவ் ஷாஃப்ட்டின், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டின், உள் ஜாயின்ட். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயின்ட், சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளி ஜாயின்ட். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல், இழுவையில் மட்டும் வண்டியின் உடம்பு ஆடினால் உள் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். வலது பக்க ஷாஃப்ட்டைக் கழற்றியபோது, கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட்டை மூடியிருக்கும் ‘பூட்’ என்ற ரப்பர் உறையின் கிளிப் தளர்ந்து, கிரீஸ் பெரும்பாலும் வெளியேறியிருந்தது. எஞ்சியதில் மழைக்காலச் சேறு கலந்து காபிக் கசடு போலிருந்தது. உள்ளே மூன்று உருளைகள், அவை வழுக்கி ஓட மூன்று காடிகள். துணியால் துடைத்துவிட்டு ஒரு காடியின் சுவரில் விரலை ஓட்டச் சொன்னார். ஓரிடத்தில் நகம் தட்டியது. அழுத்தம் கூடும்போது உருளை அந்தத் தேய்மானத்தில் சிக்கி, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை ஷாஃப்ட்டை இழுத்துத் தள்ளுவதுதான் நான் உணர்ந்த ஆட்டம். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ஒன்றும் அமுங்கிப் போயிருந்தது. என்ஜின் தாழ்ந்தால் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, இந்தத் தேய்மானம் இன்னும் அதிகமாகத் தெரியும் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றினோம்.

புதிய ஜாயின்ட், அதற்கென்றே வரும் கிரீஸ், பூட், கியர்பாக்ஸ் ஆயில் சீல், வடிந்துபோன கியர் ஆயில், புதிய ஹப் நட் என்று எல்லாம் சேர்ந்து, அதுவரை வீணாக்கிய தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகமானது. பூட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். காடி தேய்ந்த பிறகு புது கிரீஸ் சில வாரங்களுக்கு மறைக்குமே தவிரச் சரியாக்காது என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு 14 மாதங்களில் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேச்சிப்பாறைச் சாலையின் ஏற்றங்களில் நான்கு பேரோடு போனபோதும் ஆட்டம் திரும்பவில்லை. புதிய மவுண்டிங் போட்டதால் ஐடிலிங்கில் ஸ்டியரிங்கில் முன்பு இல்லாத ஒரு மெல்லிய அதிர்வு முதல் இரண்டு மாதம் இருந்து, பிறகு அடங்கியது. எங்களுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்பதால், ஒவ்வொன்றும் முடிந்ததும் வண்டியைத் தூக்கி நான்கு பூட்டுகளையும் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் பார்த்தபோது, அப்போது தொடாமல் விட்ட இடது பக்க உள் பூட்டின் கிளிப் ஓரத்தில் விரலில் கிரீஸ் ஒட்டியது. ஆட்டம் இன்னும் இல்லை. திங்கட்கிழமை வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறேன்.