தேடியதும் மேலே வரும் ஏஐ பதிலை நம்பாதீர்கள்: 24 டெராபைட் போச்சு

நான்கு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றும் 6 டெராபைட். மொத்தம் 24 டெராபைட், பவர் பட்டனை அழுத்திய நொடியில் போய்விட்டது. கேபினெட்டைத் திறந்தால் கருகல் வாடை இன்னும் அடிக்கிறது. வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டது ஒரே கேள்வி. மாடுலர் பவர் சப்ளையை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) மாற்றும்போது, கேபினெட்டுக்குள் ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருக்கும் பழைய சாட்டா பவர் கேபிளையே, அதாவது ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிளையே, புதியதில் செருகலாமா? தேடுபொறியின் பெயர் வேண்டாம். லிங்குகளுக்கு மேலே ஏஐ எழுதிய பத்தியைக் காட்டும் வகை என்றாலே புரியும். அந்தப் பத்தி சொன்னது: ஆம், சாட்டா பவர் இணைப்புக்குப் பொதுத் தரம் உண்டு, ஒரே பிராண்ட் என்றால் கேபிள் பொருந்தும். பக்கத்திலேயே மூன்று லிங்க். கவிழ்த்தது அந்த மூன்று லிங்க்தான். ஆதாரத்தோடு பேசுகிறதே என்று ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் பழைய கேபிளையே செருகிவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு திறந்து பார்த்தால், முதல் பக்கம் டிரைவில் மாட்டும் 15 பின் (pin) முனையைப் பற்றியது. அதற்குத் தரம் இருப்பது உண்மைதான்: பின் 1 முதல் 3 வரை 3.3 வோல்ட், 7 முதல் 9 வரை 5 வோல்ட், 13 முதல் 15 வரை 12 வோல்ட், இடையில் பெரும்பாலும் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட் இணைப்பு). இரண்டாவது, யாரோ ஒருவர் ‘எனக்கு வேலை செய்தது’ என்று போட்ட ஒற்றை வரி. மூன்றாவது பக்கம் பழைய கேபிளைத் தொடவே தொடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கிறது! மூன்றையும் கலக்கி ‘ஆம்’ என்று ஊற்றிக் கொடுத்திருக்கிறது.

கேபிளின் மறுமுனை, அதாவது பவர் சப்ளையில் செருகும் 6 பின் முனை, எந்தப் பொதுத் தரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. எந்தப் பின்னில் 5, எதில் 12 என்பது தயாரிப்பவர் இஷ்டம். ஒரே பிராண்டில்கூட சீரிஸ் மாறினால் பின் வரிசை மாறலாம், ஏனென்றால் வெவ்வேறு சீரிஸை வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து தருவதுண்டு. ஆனால் பிளக் மட்டும் அச்சு அசலாகப் பொருந்தி, கிளிக் என்று உட்காரும். 5 வோல்ட் போகவேண்டிய தடத்தில் 12 வோல்ட் ஏறினால், டிரைவ் போர்டில் காவலுக்கு இருக்கும் டிவிஎஸ் டயோடு முதலில் ஷார்ட் ஆகும். அதோடு பவர் சப்ளை தானாக அணைந்துகொண்டால் பிழைத்தோம். ஷார்ட் ஆன டயோடைக் கழற்றியதும் டிரைவ் சில சமயம் எழுந்துவிடும். அணையாவிட்டால் போர்டில் உள்ள சிப்புகளும் கருகும். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினாலும் பல டிரைவ்கள் ஓடாது. அந்தந்த டிரைவுக்கென்று அளந்து எழுதிய விவரம் பழைய போர்டின் 8 கால் ரோம் சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து வைக்க வேண்டும். ஒரே கேபிளில் நான்கு தலை என்பதால் நான்கும் ஒன்றாகப் போயின. பேக்கப் டிரைவும் அதே கேபிளில்தான் இருந்தது. அந்தப் பழியை ஏஐ மேல் போட முடியாது, தெரியும்.

பிறகு நடந்தது இன்னும் எரிச்சல். பதிலுக்குக் கீழே கட்டைவிரலைக் கவிழ்த்தால் ‘கருத்துக்கு நன்றி’. அவ்வளவுதான், மறுமொழி எழுத ஆள் கிடையாது. உதவிப் பக்கத்தில் ‘ஏஐ பதில்களில் தவறு இருக்கலாம்’ என்று பொடி எழுத்து. பவர் சப்ளைக்காரர்கள், பெட்டியோடு வந்த கேபிள் இல்லை, வாரண்டி கிடையாது என்றார்கள். டிரைவ்காரர்கள், மின்சாரச் சேதம், வாரண்டி கிடையாது என்றார்கள். 24 டெராபைட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

மறுநாள் அதே கேள்வியைக் கேட்டால் ‘ஒருபோதும் கூடாது’ என்கிறது! ‘ஒரே பிராண்ட், பொருந்தும்தானே?’ என்று கேட்டால் மறுபடி ‘ஆம்’. பதில் எங்கும் எழுதி வைக்கப்பட்டதல்ல, கேட்கும்போது புதிதாகக் கோக்கப்படுவது. நாம் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறோமோ அந்தப் பக்கமே பல நேரம் அதுவும் சாயும்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பவர் சப்ளை மாறினால் கேபிள் அத்தனையும் மாற்றுங்கள், கட்டியதைப் பிரிக்கச் சோம்பல் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மதர்போர்டு, டிரைவ் எதையும் இணைக்காமல், கேபிளை மட்டும் பவர் சப்ளையில் செருகி, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் பிளக்கில் 16ஆம் பின்னையும் (பச்சை ஒயர்) 17ஆம் பின்னையும் (கிரவுண்ட்) ஒரு கம்பியால் சேர்த்து ஓடவிட்டு, சாட்டா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட் பின்னில் 4.75 முதல் 5.25 வரை, 12 வோல்ட் பின்னில் 11.4 முதல் 12.6 வரை வரவேண்டும். ஏஐ ‘ஆம்’ என்றால் லிங்கைத் திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், என்னிடம் அது இல்லை.