உறைநிலை காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர்: இரண்டு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஒட்டாவாவில் உள்ள எங்கள் வீட்டை நிலத்தடி வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப்தான் சூடாக்குகிறது. மண்ணுக்குள் ஓடும் அதன் குழாய்ச் சுற்றில் தண்ணீரோடு, அது உறையாமல் காக்கும் உறைதடுப்பானாகப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்திருக்கிறது. அந்தக் கலவை எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை நானே பார்த்துக்கொள்வதற்காக, ஒளி விலகுவதை வைத்துத் திரவத்தின் செறிவைக் காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கினேன்.

வாங்க வைத்தது ஒரு பராமரிப்பு நிறுவனம். இலையுதிர்காலத்தில் சுற்றின் அழுத்தம் குறைந்தபோது வந்த பணியாளர், தோட்டத்துக் குழாயிலிருந்து வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக ரசீதில் எழுதிச் சென்றார். பிப்ரவரி இறுதியில் நிலத்திலிருந்து திரும்பும் திரவமே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும். இயந்திரத்துக்குள் அது மேலும் மூன்று டிகிரி அளவுக்குக் குளிரும். குளிர்பதனப் பொருள் ஆவியாகும் இடத்து உலோகச் சுவரோ அதைவிடவும் குளிர்ந்திருக்கும். அங்கே பனி பிடித்து உலோகம் வெடித்தால், தண்ணீர் குளிர்பதனச் சுற்றுக்குள் புகுந்து கம்ப்ரஸரையும் கெடுத்துவிடும். உறைவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறதே என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் பல இயந்திரங்களில், வெறும் தண்ணீருக்கென மைனஸ் 1 டிகிரியில் வைக்கப்படும் அந்த எல்லையை, உறைதடுப்பான் கலந்த சுற்றுக்காக ஒரு ஜம்பர் கம்பியை வெட்டி மைனஸ் 12 வரை தாழ்த்திவிடுகிறார்கள். எங்கள் கம்பியும் வெட்டப்பட்டிருந்தது.

கருவியின் பட்டகத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து வெளிச்சத்தின் பக்கம் பிடித்தால், நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு உறைநிலையைக் காட்டுகிறது. தண்ணீர் ஏற்றிய பின் நான் முதன்முறை பார்த்தபோது அது மைனஸ் 5-இல் நின்றது. எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த 25 சதவீதக் கலவையானால் மைனஸ் 10-ஐ ஒட்டி நின்றிருக்க வேண்டும். வேறொருவரை அழைத்துக் கிளைக்கால் சேர்த்த பின்னரே அந்த இடத்துக்கு வந்தது.

குறைகளும் உண்டு. அளவுகோலில் கோடுகள் ஐந்து டிகிரிக்கு ஒன்றாக இருப்பதால் இடைப்பட்டதைக் கண்மதிப்பில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்திலீன், புரொப்பிலீன் என இரண்டு அளவுகள் அருகருகே இருக்கின்றன. நான் முதலில் படித்தது கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் பக்கத்தை. வாலைவடிநீர் விட்டுப் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்கும் வேலையை ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். மெத்தனால் அல்லது எத்தனால் கலந்த சுற்று வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரே பொருந்தும்.