ஜிடிஏ ஆர்பியில் டாக்டர் வேலை: நீண்ட நாள் பார்த்த பிறகு

ஜிடிஏ விளையாட்டில் ஆளுக்கொரு கேரக்டராகவே நடித்து வாழ்கிற ஆர்பி (ரோல்பிளே) சர்வருக்குப் புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆசை இரண்டே இரண்டுதான்: ஒன்று கேங், இல்லாவிட்டால் போலீஸ். இஎம்எஸ், அதாவது ஆம்புலன்ஸும் டாக்டர்களும் உள்ள அவசர மருத்துவத் துறை, பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர் போலீஸ் விண்ணப்பம் தள்ளுபடியாகி, சரி சும்மா இருப்பதற்கு இதையாவது பார்ப்போம் என்று வருகிறவர்கள். நான் விரும்பியே சேர்ந்தவன். சில வருடங்களாக அதே கேரக்டர், அதே வெள்ளைக் கோட்டு, நடுவில் சர்வர் மட்டும் மாறியிருக்கிறது. அதனால் இது முதல் வாரத்து உற்சாகத்தில் எழுதுவது இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஜிடிஏ 5 வந்தது 2013இல், பிசிக்கு 2015இல். ஆர்பி பெரும்பாலும் ஓடுவது, தனி சர்வர்கள் நடத்துவதற்காக அதன் மேல் கட்டப்பட்ட ஃபைவ்எம் என்ற மென்பொருளில். அதைச் செய்த குழுவை 2023 ஆகஸ்டில் ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டாரே வாங்கிக்கொண்டது. மூல விளையாட்டின் கதையில் செத்தால் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்பீர்கள், பில்லுக்குப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் ஆர்பி சர்வர்கள் ஒரு மனிதனை, அதாவது டாக்டரை, நிறுத்துகின்றன. விழுந்தவன் விழுந்தபடியே கிடப்பான், திரையில் ஒரு டைமர் ஓடும் (பல சர்வர்களுக்கு அடித்தளமான இஎஸ்எக்ஸ் ஸ்கிரிப்டில் ஆரம்ப அமைப்பு 10 நிமிடம், சர்வருக்கு சர்வர் மாற்றிக்கொள்வார்கள்), அதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் பில்பாக்ஸ் மருத்துவமனையிலோ சாண்டி ஷோர்ஸிலோ தானாக எழுந்துகொள்வான்.

வேலை எளிது என்று தோன்றும். எளிதுதான். பக்கத்தில் போய் ஒரு பட்டனை அழுத்தினால் கேரக்டர் குனிந்து நெஞ்சை அமுக்கும், சில நொடியில் ஆள் எழுந்து நிற்பான். என் ஒரே புகாரும் அந்தப் பட்டன்தான். அதை அழுத்தியவுடன் எழுந்து 'தேங்க்ஸ் டாக்' என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போகிறவனுக்கு டாக்டர் தேவையில்லை, ஒரு வெண்டிங் மெஷின் போதும். இந்த வேலையின் ருசி முழுக்கப் பட்டனுக்கு முன்னால் இருக்கிற நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்றால், தட்டச்சு நடக்கும். /மீ என்றால் என் கேரக்டர் செய்வது, /டூ என்றால் கண்ணுக்குத் தெரியும் நிலைமை, அல்லது அதைப் பற்றிய கேள்வி. நான் '/மீ கத்தரிக்கோலால் சட்டையை வெட்டித் திறந்து முதுகுப் பக்கம் கைவிட்டுப் பார்க்கிறான்' என்று அடிப்பேன். அடுத்து '/டூ குண்டு வெளியே போன காயம் இருக்கிறதா?' பதில் சொல்ல வேண்டியது எதிராளி. அவன் '/டூ இல்லை, இடது விலாவுக்குக் கீழே ஒரே ஓட்டை, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது' என்று திருப்பி அடித்தான் என்றால் முடிந்தது கதை, அடுத்த அரை மணி நேரம் நமக்குத் திருவிழா. காயத்துக்குப் பிளாஸ்டிக் ஒட்டி மூடுவது, ரேடியோவில் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்வது, வண்டி ஓட்டுகிற ஜூனியரிடம் மேடு பள்ளம் பார்த்துப் போடா என்று கத்துவது என்று தானாக ஓடும். 'உனக்கு நெஞ்சில் குண்டு, நீ மயக்கம்' என்று நானே அவனுக்கும் சேர்த்து எழுதிவிட்டால் அது பவர்கேமிங், நல்ல சர்வரில் ரிப்போர்ட் விழும். காயம் எவ்வளவு மோசம் என்பதை நோயாளிதான் தீர்மானிக்கிறான். எந்தப் போலீஸ்காரனும் திருடனிடம் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் ஞாபக விதி. பல சர்வர்களில், இஎம்எஸ் வந்து காப்பாற்றினால் நடந்ததெல்லாம் உங்கள் கேரக்டருக்கு ஞாபகம் இருக்கும். டைமர் முடிந்து ஆஸ்பத்திரியில் தானாக எழுந்தால் யார் சுட்டான், எங்கே, எதற்கு, எல்லாம் மறந்ததாக நடிக்க வேண்டும். இதன் விளைவு என்ன என்று யோசியுங்கள். சுட்ட கேங்குக்கு நான் தாமதமாக வர வேண்டும், போலீஸுக்கு நான் பறந்து வர வேண்டும், நடுவில் கிடக்கிறவனுக்கு வாய் பேச வேண்டும். சாலையை இரண்டு காரால் மறித்துக்கொண்டு 'டாக்டர், டயர் பஞ்சர், ஒரு நிமிஷம்' என்று பேச்சுக் கொடுத்தே டைமரைத் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வரும், ஆனால் ரசிக்காமல் இருக்க முடியாது. சண்டையின் முடிவு ஆம்புலன்ஸ் போகிற வேகத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்ட வில்லன்கள் அவர்கள்.

வார்டுக்குள் வந்த பிறகு வேறு அரசியல். ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு இரண்டு கேங்கும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும், கதவுக்கு வெளியே போலீஸ் விலங்கோடு நிற்கும். சிகிச்சை முடியும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று ஒரு டாக்டர் கறாராக நின்றால் அவருக்குத் துப்பாக்கி இல்லாமலே ஊரில் மரியாதை வந்துவிடும். நோயாளி மயக்கத்தில் உளறியதை வெளியே சொல்லாத டாக்டர் என்று பெயர் எடுத்துவிட்டால், கேங் தலைவர்கள் கூட ராத்திரியில் தனியாக வந்து பேசுவார்கள். ஆனால் அதே ஆள் கேரக்டரை விட்டு வெளியே வந்து டிஸ்கார்டில் 'அவன் என்ன சொன்னான்' என்று கேட்டால் பதில் போடாதீர்கள். அது மெட்டாகேமிங், அதாவது விளையாட்டுக்கு வெளியே கிடைத்த தகவலை உள்ளே கொண்டுவருவது, இரண்டு பேருக்கும் சேர்த்து சர்வரில் தடை விழும்.

மருத்துவம் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டாம். தெரிந்தால் சுவை கூடும். மானிட்டரில் நேர்க்கோடாகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை என்பதும், உடம்பில் குத்தி நிற்கிற கத்தியைச் சம்பவ இடத்தில் பிடுங்கக் கூடாது என்பதும், நெஞ்சை அமுக்குவது நிமிடத்துக்கு 100லிருந்து 120 என்பதும் நான் இங்கே வந்து படித்ததுதான். சுயநினைவை 3லிருந்து 15 வரை எண்ணுகிற கிளாஸ்கோ அளவைப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ரேடியோ பேச்சே மாறிவிடும்: 'ஆள் மயக்கம்' என்பதற்குப் பதில் 'ஜிசிஎஸ் 8, வந்துகொண்டிருக்கிறோம்' என்று வரும், கேட்கிறவருக்கும் ஒரு பதற்றம் தொற்றும். இதை வைத்து நிஜத்தில் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கிளம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். (மருத்துவம் படிக்கிறவர்கள் சிலர் துறையில் சேர்ந்து, இரண்டே வாரத்தில் மற்றவர்களின் தப்பைப் பொறுக்க முடியாமல் ஓடிப்போவதும் உண்டு.)

இனி குறைகள். முதல் குறை, வெறுமை. அமைதியான இரவில் ஒரு மணி நேரம் ரிசப்ஷனில் நிற்க வேண்டியிருக்கும், அப்புறம் ஒரே நிமிடத்தில் ஏழெட்டு அழைப்பு விழும். நடுத்தரம் என்பதே கிடையாது. அந்த நெருக்கடியில் மேலே சொன்ன /மீ, /டூ எல்லாம் செய்ய முடியாது, நானும் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுவேன். இரண்டாவது, டூட்டியில் டாக்டர் குறைவாக இருந்தால் கவுன்டரில் பணம் கட்டித் தானே குணமாகிக்கொள்ளும் வசதியைப் பல சர்வர்கள் திறந்துவிடுகின்றன. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் அதற்குப் பழகிய ஆட்கள் நாம் டூட்டியில் இருந்தாலும் 'சீக்கிரம் பண்ணுங்க டாக், ஹைஸ்ட் (கொள்ளை) இருக்கு' என்பார்கள். காலில் கட்டுப் போட்டு ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பிய ஆள் வாசலிலேயே சுவர் ஏறிக் குதிப்பதைப் பார்ப்பதை விட எரிச்சலான விஷயம் இந்த வேலையில் இல்லை. சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. ஒரு நகைக்கடைக் கொள்ளையில் கேங் எடுப்பதை நாம் எடுக்க எத்தனையோ ஷிப்டு ஆகும்.

நான் இருந்த ஒரு சர்வரில் துறைக்குள்ளேயே பதவி உயர்வுக்கு எத்தனை பேரை ரிவைவ் செய்தாய் (எழுப்பினாய்) என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து யாரும் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், அப்புறம் நானும்.

ஆகவே சேர நினைப்பவர்கள் விண்ணப்பம் போடுமுன் அந்த சர்வரில் ஆடுகிற யாருடைய ஸ்ட்ரீமையாவது (நேரலை வீடியோவை) திறந்து, அவர் அடிபட்டுக் கிடக்கிற இடத்தை மட்டும் பாருங்கள். வந்த டாக்டர் என்ன கேட்கிறார், கீழே கிடப்பவர் பதில் சொல்கிறாரா, ஆஸ்பத்திரி வரை கூட்டிப் போகிறார்களா, தெருவிலேயே எழுப்பிவிடுகிறார்களா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடவே மைக் நன்றாக இருக்கட்டும், தட்டச்சு வேகமாக வரட்டும். துப்பாக்கி தூக்காமல் கை அரிக்கும் என்றால் மட்டும் வேண்டாம், போலீஸ் விண்ணப்பத்தையே மறுபடி போடுங்கள்.